ஹேஃப்ளிக்கின் பெயரில் இளமை விற்காதீர்கள்: கருத்தரங்க அமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமைப்புக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

மறைந்த அமெரிக்க செல் விஞ்ஞானி லெனார்ட் ஹேஃப்ளிக்கின் நினைவாக, செல்களின் முதுமை பற்றி அடுத்த மாதம் நீங்கள் நடத்தவிருக்கும் இரண்டு நாள் கருத்தரங்கின் அழைப்பிதழ் போன செவ்வாய்க்கிழமை எனக்கு வந்தது. நீங்கள் அனுப்பவில்லை. உங்கள் வளாகத்திலேயே, உயிருள்ள செல்களைப் பாட்டிலில் வளர்க்கும் செல் கல்ச்சர் அறையில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "மேடம், இதுக்கு எங்களுக்கு அனுமதி இல்லையாம். ஆனா டெமோவுக்கு ஃபிளாஸ்க் மட்டும் ரெடி பண்ணித் தரணுமாம்."

அழைப்பிதழை மூன்று முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்தில். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஹேஃப்ளிக் கலிஃபோர்னியாவில் 96 வயதில் இறந்தபோது என்னைச் சுற்றி யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போதாவது ஒருவருக்குத் தோன்றியதே என்று மகிழ்ச்சி. இரண்டாம் முறை நிகழ்ச்சி நிரலுக்காக. மூன்றாம் முறை, கண்ணில் பட்டது நிஜம்தானா என்று சரிபார்க்க. அடியில், உங்கள் நிறுவனத்தின் முத்திரையைவிடப் பெரிதாக, 'முதன்மை ஆதரவாளர்' என்று ஓர் இளமை கிளினிக்கின் சின்னம். முதல் நாள் மதியம் அதன் இயக்குநருக்கு முக்கால் மணி நேரம்: 'டெலோமியரை நீட்டுவோம், முதுமையை வெல்வோம்.' (டெலோமியர் என்றால் குரோமோசோமின் நுனி.) சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே அவர்களுடைய ஸ்டால். விரலில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் உங்கள் 'செல் வயது' என்ன என்று சொல்வார்களாம். கருத்தரங்குக்கு வருகிறவர்களுக்குச் சலுகை விலை வேறு.

முதல் பத்தியில் ஹேஃப்ளிக்கை 'நீண்ட ஆயுளின் ரகசியத்தைக் கண்டறிந்த மேதை' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கண்டறிந்தது ஒரு முற்றுப்புள்ளியை. அதைக்கூடப் படித்துப் பார்க்காமல் ஒருவருக்கு நினைவுக் கூட்டம் எடுக்கிறோமே என்பதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

நான் யார் என்று கேட்பீர்கள். 1986-இல் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்து, 33 வருஷம் செல் கல்ச்சர் அறையில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவள். படிப்பு பி.எஸ்சி. விலங்கியல், அவ்வளவுதான். ஆய்வுக் கட்டுரைகளில் என் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டும் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், அதிலும் ஒன்றில் எழுத்துப்பிழையோடு. ஹேஃப்ளிக்கை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு நான் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

1989. ஒரு மருத்துவமனையில் முன்தோல் அகற்றிய குழந்தை ஒன்றின் தோல்துண்டு, ஐஸ் பெட்டிக்குள் சின்ன பாட்டிலில் வந்தது. கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, செல்களை உதிர்க்கும் ட்ரிப்சின் என்ற என்சைமில் ஊறவைத்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு வளர்த்தோம். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற தோலடிச் செல்கள் பிடித்து வளர்ந்துவிட்டால் பார்க்க அவ்வளவு அழகு. பாட்டிலின் தரை முழுக்க, காற்றில் ஒரே பக்கம் சாய்ந்த நெற்பயிர் மாதிரி வரிவரியாகப் படுத்திருக்கும். தரை நிரம்பியதும் ட்ரிப்சின் விட்டு உதிர்த்து, ஒரு பாட்டிலை இரண்டாகப் பிரிப்போம். இதற்கு ஸ்ப்ளிட் என்று பெயர். ஒவ்வொரு ஸ்ப்ளிட்டுக்கும் லாக் புக்கில் ஒரு கோடு, தேதி, பாசேஜ் எண் (இது எத்தனையாவது ஸ்ப்ளிட் என்பது), என் கையெழுத்து. ஒன்று இரண்டாகப் பிரிவதால் பாசேஜ் எண்ணும் செல்கள் இரட்டிப்பான எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வாரம் இரண்டு ஸ்ப்ளிட் என்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டியதும் வாரத்துக்கு ஒன்றானது. 46-இல் நின்றுவிட்டது. செல்களுக்கு உணவாகச் சிவப்பாக ஊற்றும் திரவம், அதாவது மீடியம், செல்கள் பெருகினால் மூன்றாம் நாள் ஆரஞ்சாகி, விட்டால் மஞ்சளாகிவிடும். இந்த பாட்டிலில் பத்து நாள் ஆகியும் ஊற்றிய நிறம் மாறவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நெற்பயிரைக் காணோம். ஒவ்வொரு செல்லும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி பரந்து, தட்டையாக, பெரிதாகக் கிடக்கிறது. சாகவில்லை, ஆனால் பிரியவும் இல்லை.

எங்கள் தலைவர் வைரஸ் ஆள். வெரோ, ஹீலா என்று முடிவே இல்லாமல் பெருகும் செல்களோடு மட்டும் புழங்கியவர். அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. "கை சுத்தம் போதாது. வீட்டு ஞாபகத்தோட வேலை செஞ்சா இப்படித்தான்." அப்போது என் மகனுக்கு ஒரு வயது. அறையை ஃபார்மலின் போட்டுப் புகைமூட்டினோம். கண்ணாடிச் சாமான்களையெல்லாம் மறுபடி ஆட்டோகிளேவ் செய்தேன். புது சீரம் வரவழைத்தார்கள். கடைசியில் அந்த பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்தார்கள். அவர் கையிலும் அது பெருகவில்லை. ஆனாலும் என் மேல் விழுந்த பேர் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து வெளியூரிலிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார். பேச்சுவாக்கில் இந்த விஷயம் வர, என் லாக் புக்கை வாங்கிப் புரட்டினார். கடைசிக் கோட்டில் விரல் வைத்து, "நாப்பத்தாறா? சரி, அதுக்கு மேல வேற என்ன எதிர்பார்த்தீங்க?" என்று சிரித்தார். அப்புறம்தான் ஹேஃப்ளிக் பெயரைச் சொன்னார். மனித உடலின் சாதாரண செல்கள் பாத்திரத்தில் சுமார் 50 முறை இரட்டிக்கும், பிறகு நின்றுவிடும்; அது செல்லின் குணம், யாருடைய தப்பும் இல்லை என்று தலைவர் முன்னாலேயே சொன்னார். தலைவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அந்த பாட்டில் என் இன்குபேட்டர் தட்டுக்குத் திரும்பி வந்தது. மன்னிப்பு என்று நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நடந்தது, உலகம் முழுக்க செல் வளர்த்தவர்களுக்கு ஐம்பது வருஷம் நடந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1912-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் கேரல் ஒரு கோழிக்கருவின் இதயத்துண்டிலிருந்து செல்களை வளர்க்க ஆரம்பித்தார். அந்த வளர்ப்பு 1946 வரை, கேரல் இறந்தும் இரண்டு வருஷம், ஓடியது. நோபல் பரிசு பெற்றவர் சொல்கிறார், செல்லுக்குச் சாவில்லை என்று. அப்படியானால் உங்கள் பாட்டிலில் செல் நின்றுபோனால் என்ன அர்த்தம்? மீடியம் சரியில்லை, கிருமி புகுந்துவிட்டது, கையாளத் தெரியவில்லை. குற்றவாளி எப்போதும் பாட்டிலைத் தொட்டவர்தான். அந்தக் கோழி செல்களுக்கு உணவாக ஊற்றிய கருச்சாற்றிலேயே புது செல்கள் கலந்து போய்க்கொண்டிருந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது மிகப் பிந்தித்தான்.

ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹேஃப்ளிக்கை 1958-இல் எதற்கு வேலைக்கு எடுத்தார்கள் என்று உங்கள் குழுவில் யாருக்காவது தெரியுமா? மற்ற விஞ்ஞானிகளுக்கு செல் வளர்த்துக் கொடுப்பதற்கு. உங்கள் வளாகத்தில் அந்தப் பெண் இன்றைக்குச் செய்கிறாளே, அதே சப்ளை வேலைதான். நாள் தவறாமல் வளர்த்தவர் என்பதால்தான் அவர் கண்ணில் பட்டது: நின்றுபோகும் பாட்டில்கள் ஏதோ ஒரு நாளில் தாறுமாறாக நிற்கவில்லை, எண்ணிக்கை கூடிய பாட்டில்கள்தான் நிற்கின்றன. ஒரே அறை, ஒரே மீடியம், ஒரே ஆள். பக்கத்தில் இளம் பாட்டில் ஜோராகப் பெருகுகிறது.

அப்போது அவரும் குரோமோசோம் நிபுணர் பால் மூர்ஹெட்டும் சேர்ந்து செய்த சோதனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும். பலமுறை இரட்டித்துக் களைத்த ஆண் செல்களையும் இளம் பெண் செல்களையும் ஒரே பாட்டிலில் கலந்தார்கள். கலக்காத ஆண் செல்களைத் தனியாக இன்னொரு பாட்டிலில் வைத்தார்கள். அந்தத் தனி பாட்டில் நின்றதும், கலந்த பாட்டிலை எடுத்து, மிஞ்சியது ஆணா பெண்ணா என்று மூர்ஹெட் குரோமோசோம்களைப் பார்த்தார். பெண் செல்கள் மட்டுமே இருந்தன. மீடியத்தின் மேலோ வைரஸின் மேலோ பழி போட்டால், ஒரே பாட்டிலில் ஒரு பாதியை மட்டும் பார்த்து அது எப்படித் தாக்கியது என்று பதில் சொல்ல வேண்டும். கையாண்ட ஆளின் மேல் போடவும் இடமில்லை, இரண்டையும் தொட்டது ஒரே கை. கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. இருவரும் எழுதிய கட்டுரையை முதலில் அனுப்பிய பத்திரிகை ஏற்கவில்லை. செல்கள் சரியான சூழலில் முடிவில்லாமல் பெருகும் என்பதே அதன் ஆசிரியர் பேட்டன் ரவுஸின் உறுதியான எண்ணம். வேறொரு பத்திரிகையில் 1961 டிசம்பரில் வந்தது. ரவுஸுக்கு 1966-இல் நோபல் கிடைத்தது, அது வேறு வேலைக்காக. ஹேஃப்ளிக்குக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த எண்ணிக்கைக்கு 'ஹேஃப்ளிக் எல்லை' என்று பெயர் வைத்தது ஆஸ்திரேலிய விஞ்ஞானி மக்ஃபார்லேன் பர்னெட், 1974-இல்.

உங்கள் அழைப்பிதழில் மூர்ஹெட்டின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இனி உங்கள் முதன்மை ஆதரவாளருக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். 64 வயது. தினம் காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நான்கு கிலோமீட்டர் நடப்பவர். போன வருஷம் பேரன் ஆசைப்பட்டான் என்று ஓர் இளமை கிளினிக்கில் டெலோமியர் சோதனை செய்துகொண்டார். ஒரு சாயங்காலம் பளபளப்பான நாலு பக்க அறிக்கையோடு என் வீட்டுக்கு வந்தார். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் சிவப்பில் '78'. "டீச்சர், இது என்ன, நான் இன்னும் ரெண்டு வருஷம்தானா?" என்றார். அவருடைய கணவர் இறந்தது 80 வயதில். அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். (என்னை எதற்கு டீச்சர் என்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.) அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஆறு மாத மாத்திரைத் திட்டமும் அதன் விலையும் இருந்தன. முதல் மாதத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டிருந்தார். அந்த அறிக்கையின் தலைப்பில் இருந்த சின்னமும் உங்கள் அழைப்பிதழின் அடியில் இருக்கும் சின்னமும் ஒன்று.

டெலோமியர் பொய் இல்லை. குரோமோசோமின் நுனியில் இருக்கும் அந்தத் துண்டு செல் இரட்டிக்கும்போதெல்லாம் கொஞ்சம் தேய்கிறது. ஹேஃப்ளிக் சொன்ன கணக்கைச் செல் எங்கே எழுதி வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு அதுதான் பதில். 1971-இல் ரஷ்யாவின் அலெக்ஸி ஒலோவ்னிகோவ் இதைச் சோதனை இல்லாமலே யோசித்துச் சொன்னார், மாஸ்கோவின் மெட்ரோ நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது தோன்றியதாம். பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டக் மூவரும் டெலோமியர் ஆய்வுக்காக 2009-இல் நோபல் வாங்கினார்கள். இதெல்லாம் உங்கள் பேச்சாளர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் ஒரே வயதுள்ள ஆரோக்கியமான இரண்டு பேருக்கு டெலோமியர் நீளம் வெகுவாக மாறும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் சில அரிய பரம்பரை நோய்களில் மருத்துவருக்கு அந்த அளவு உதவும். 64 வயது ஆசிரியைக்கு வட்டத்துக்குள் 78 என்று எழுதிக் கொடுப்பதற்கு அதில் ஆதாரம் கிடையாது. நீட்டினால் நல்லது என்பதும் அவ்வளவு எளிதல்ல. புற்றுநோய்க் கட்டிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது, டெலோமியரை மறுபடி நீட்டும் டெலோமெரேஸ் என்ற என்சைமை முடுக்கிவிட்டுத்தான் சாகாவரம் வாங்குகின்றன. வயதான மனிதரின் தோலிலிருந்து எடுத்த செல்லுக்கும் பாத்திரத்தில் இன்னும் சில இரட்டிப்புகள் மிச்சம் இருக்கும். மனிதர்கள் செல் கணக்கு தீர்ந்துபோய்ச் சாவதில்லை என்று ஹேஃப்ளிக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் அதோடு நிற்கவும் இல்லை. 2002-இல் முதுமை ஆய்வாளர்கள் ஜே ஒல்ஷான்ஸ்கி, புரூஸ் கார்ன்ஸ் இருவரோடும் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரித்தார். 51 விஞ்ஞானிகள் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்கள். சந்தையில் விற்கும் எந்தப் பொருளும், எந்தச் சிகிச்சையும் மனிதரின் முதுமையை மெதுவாக்கியதாகவோ நிறுத்தியதாகவோ திருப்பியதாகவோ நிரூபணம் இல்லை என்று பொதுமக்களை எச்சரிக்கத்தான் அந்த அறிக்கை. அப்போது அவருக்கு 74 வயது. இப்படிப்பட்டவரின் படத்துக்கு மாலை போட்டு, அதன் நிழலிலேயே அந்தக் கடையை விரிக்கிறீர்கள். மதுவிலக்குப் போராட்டத்தில் உயிர்விட்டவரின் நினைவு நாளுக்கு டாஸ்மாக் பந்தல் போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

பணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். அரங்க வாடகை, வெளிநாட்டுப் பேச்சாளரின் டிக்கெட், இரண்டு வேளைச் சாப்பாடு. 33 வருஷம் ஆய்வகத்தில் இருந்தவளுக்கு நிதிக் கஷ்டம் தெரியாதா. ஒரு லிட்டர் சீரத்துக்காக ஆறு மாதம் ஃபைலுக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். ஆனால் அந்த ஆசிரியை அடுத்த மாதம் உங்கள் அழைப்பிதழைப் பார்த்தால், பெரிய பெரிய விஞ்ஞானிகளே அந்த கிளினிக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மறுபடி பணம் கட்டுவார். கிளினிக் உங்களிடம் வாங்குவது ஸ்டால் இடத்தை அல்ல, அந்த நம்பிக்கையை.

அடுத்து, என்னிடம் வேலை பழகியவளுக்கு நீங்கள் சொன்ன பதில். பதிவுப் படிவத்தில் 'ஆசிரியர்', 'ஆய்வு மாணவர்', 'தொழில்துறை' என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றனவாம். கிளினிக்கின் விற்பனைப் பையனுக்குத் தொழில்துறை என்ற கட்டம் இருக்கிறது. லேப் டெக்னீஷியனுக்குக் கட்டமே இல்லை. கேட்டதற்கு, "அது கல்வியாளர்களுக்கான நிகழ்ச்சி, நீங்கள் டெமோ பகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. சரி, என்ன டெமோ? முதுமையடைந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் காட்டுவது. அதற்கு அவள் ஜூலை மாதத்திலிருந்து ஒரு பாட்டிலை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து ஸ்ப்ளிட் செய்துவிட்டுப் போகிறாள். சரியான நாளில் அது நிற்க வேண்டும். முன்னாலேயே நின்றால், முதுமையடைந்த செல்களைக் காட்டும் நீலச் சாயம் ஏற்றும்போது பாதி உரிந்து போய்விடும், நிற்காவிட்டால் காட்ட ஒன்றும் இல்லை. ஒரு முதுமையை முகூர்த்தம் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை இது. அந்தப் பாட்டிலைப் பற்றி உங்கள் அரங்கில் இருக்கும் யாரையும்விட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். அவள் கதவுக்கு வெளியே நிற்பாள். செல் வளர்த்துக் கொடுக்க வந்த ஒருவரின் பெயரில் நடக்கும் கூட்டம் இது. அவருடைய தலைகீழ் மைக்ராஸ்கோப்பைக்கூட ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குள் அனுமதித்திருக்கிறார்கள்.

இன்னொருவரையும் நீங்கள் வெளியே விட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் பிறரைக் குறை சொல்லும் தொனியில் இதை எழுத மாட்டேன்.

1962-இல் ஸ்வீடனில் ஒரு பெண் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொண்டார். ஏற்கெனவே குழந்தைகள் உள்ளவர். அந்தக் கருவின் நுரையீரல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது. அதிலிருந்து ஹேஃப்ளிக் வளர்த்ததுதான் டபிள்யூஐ-38 என்ற செல் வகை. சுமார் 800 ஆம்பூல்களில், அதாவது மூடி முத்திரையிட்ட சின்னக் குப்பிகளில், உறைய வைத்தார். உறைந்த செல்லைப் பல வருஷம் கழித்து எழுப்பினாலும் அது விட்ட இடத்திலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும்; எட்டாம் இரட்டிப்பில் தூங்கியது ஒன்பதாவதிலிருந்து தொடரும். ஒரு செல் 50 முறை இரட்டித்தால் வரும் எண்ணிக்கை பதினோரு கோடி கோடிக்கு மேல். அதனால்தான் ஒரே ஒரு வளர்ப்பில் தடுப்பூசி வைரஸை வளர்த்து உலகத்துக்கே தடுப்பூசி செய்ய முடிந்தது. அதே விஸ்டாரில் ஸ்டான்லி பிளாட்கின் உருவாக்கிய ஆர்ஏ 27/3 என்ற ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வைரஸ் வகை இந்த செல்களில்தான் பக்குவப்பட்டது. 1964, 65-இல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லா கர்ப்பிணிகளுக்கும் தொற்றியதால் சுமார் 20,000 குழந்தைகள் கண்ணிலோ காதிலோ இதயத்திலோ குறையோடு பிறந்தன. அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது இந்தத் தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, அதில் இருந்ததும் ஆர்ஏ 27/3தான். வாட்ஸ்அப் வதந்தியைக் கேட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்கிய என் தங்கை மகளை நான்தான் உட்கார வைத்துப் பேசினேன். போட்டாள். இன்றைக்கும் அதில் எனக்கு நிம்மதிதான்.

ஆனால் ஸ்வீடனில் இருந்த அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. இப்படி எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே செல்கள் யாருக்குச் சொந்தம் என்று ஹேஃப்ளிக்குக்கும் அமெரிக்க அரசுக்கும் 1970-களில் பெரிய வழக்கே நடந்தது. அவர் ஆம்பூல்களைத் தன்னோடு ஸ்டான்ஃபோர்டுக்குக் கொண்டு போய்விட்டார் என்பது குற்றச்சாட்டு. வேலை போயிற்று, பல வருஷம் அலைந்தார், கடைசியில் சமரசமானது. அத்தனை வருஷ வழக்கில் அந்தத் தாய் ஒரு தரப்பாகக்கூட இல்லை. இதே போல் கேட்காமல் எடுத்த ஹீலா செல்களின் சொந்தக்காரி ஹென்ரியெட்டா லாக்ஸின் பெயராவது பிற்பாடு ஊரறிந்தது.

நானும் கேட்கவில்லை. 1989-இல் ஐஸ் பெட்டியில் வந்த அந்தத் தோல்துண்டு எந்தக் குழந்தையுடையது, அதன் அம்மாவிடம் யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரியில் ஒரு எண்ணும் தேதியும் மட்டும் எழுதினேன். அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அவன் செல்லின் 46 பாசேஜும் எனக்கு மனப்பாடம், அவன் பெயர் தெரியாது.

அழைப்பிதழில் இரண்டாம் நாள் 'அறிவியல் நெறிமுறைகள்' என்று இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதுவும் டீ இடைவேளைக்கு முன்னால். மேடை ஏறிய எவருக்கும் தெரியும், அந்த இருபதில் பத்தை முந்தைய பேச்சாளர் தின்றுவிடுவார்.

ஆகவே கேட்கிறேன்.

அந்த கிளினிக்கின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஸ்டாலையும் முக்கால் மணி நேரப் பேச்சையும் நீக்குங்கள். திருப்ப முடியாத ஒப்பந்தம் என்றால், அந்த முக்கால் மணி நேரத்தில் 2002 அறிக்கையைத் தமிழில் முழுதாக வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள், கிளினிக்கின் இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். செலவுக்கு என்ன செய்வது என்றால், இரண்டு நாளை ஒரு நாளாக்குங்கள். ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பதில் உங்கள் கேன்டீன் சாம்பார் சாதம் போதும். உங்கள் கேன்டீனில் சாப்பிட்டிருக்கிறேன், மோசமில்லை.

பதிவுப் படிவத்தில் 'ஆய்வகப் பணியாளர்' என்று நாலாவது கட்டம் போடுங்கள், கட்டணம் இல்லாமல். சென்னையில் செல் கல்ச்சர் அறை வைத்திருக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதி, அவர்களுடைய பணியாளர்களை அன்றைக்கு வேலை நாளாகக் கணக்கிட்டு அனுப்பச் சொல்லுங்கள். டெமோவை அந்தப் பெண்ணே மைக் பிடித்து விளக்கட்டும். நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் அச்சாகட்டும். எழுத்துப்பிழை இல்லாமல்.

'நீண்ட ஆயுளின் ரகசியம்' என்ற வரியை எடுத்துவிட்டு, அவரும் மூர்ஹெட்டும் என்ன கண்டார்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சரியாக எழுதுங்கள். தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் முன், டபிள்யூஐ-38 எங்கிருந்து வந்தது, யாரிடம் கேட்கவில்லை என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். நெறிமுறைக்கான அந்த இருபது நிமிடத்தை முதல் நாள் காலைக்கு மாற்றி ஒரு மணி நேரமாக்குங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்வீடனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிட வேண்டாம். உங்கள் நைட்ரஜன் தொட்டிகளில் உறைந்து இருக்கும் மனித செல்களில் எத்தனைக்கு ஒப்புதல் கடிதம் ஃபைலில் இருக்கிறது, எத்தனைக்கு இல்லை என்று எண்ணிச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் இதே கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

கருத்தரங்குக்கு இன்னும் 26 நாள் இருக்கிறது. அழைப்பிதழைத் திருத்தி மறுபடி அச்சடிக்க ஒரு வாரம் தாராளம். உங்கள் பதிலை எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். செல் கல்ச்சர் அறைக் கதவில் ஒட்டுங்கள். கையுறைப் பெட்டிக்கு மேலே, இன்குபேட்டர் வெப்பநிலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்
அடையாறு, சென்னை